.22 ரைஃபிளில் சுட்ட கூடு அவ்வப்போது சிக்குகிறது

கேள்வி: இலக்குப் பயிற்சிக்கு .22 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் சீராக ஓடுகிறது. போகப் போக, சுட்ட கூடு (தோட்டாவின் காலி உறை) வெளியே விழாமல், போல்ட்டுக்கும் (முன்னும் பின்னும் ஓடி தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) கூடு வெளியேறும் வாசலுக்கும் நடுவில் நிமிர்ந்து மாட்டிக்கொள்கிறது. எல்லா முறையும் இல்லை. ஸ்பிரிங்கை மாற்றட்டுமா?

பதில் 1: ஸ்பிரிங்கில் இப்போதே கை வைக்காதீர்கள். இந்த வகையில் தனியாக வாயு அமைப்பு கிடையாது. கூட்டின் உந்துதல் ஒன்றுதான் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சேம்பரில் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) கரியும் தோட்டாவின் மெழுகும் சேரச் சேரக் கூடு ஒட்டிக்கொண்டு, போல்ட் முழுத் தூரம் போகாது. போகப் போக மோசமாவது அழுக்கின் அடையாளம். மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, சேம்பரையும், கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், வழிய வழிய விட்டால் கரியைத்தான் பிடித்து வைக்கும்.

தோட்டா எந்த ரகம்? வினாடிக்கு 1,070 அடி அளவில் போகும் சாதாரண ரகம் சில ரைஃபிள்களுக்குப் போதாது. 1,200 அடிக்கு மேற்பட்டதைப் போட்டுப் பாருங்கள்.

பதில் 2: மேகசின்களுக்கு எண் எழுதி வையுங்கள். ஒன்றில் மட்டும் சிக்கினால் அதன் உதடுகளை, அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகளை, பாருங்கள். ஒன்று மிக முக்கியம்: வெடிச்சத்தம் மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அதைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

கேட்டவர்: எக்ஸ்ட்ராக்டர் அடியில் கரி கெட்டியாக இறுகியிருந்தது. எடுத்துவிட்டேன், இதுவரை சிக்கவில்லை. தோட்டாவை மாற்றவில்லை.