மண்டபத்து ஓட்டு வீடும் பழம்பொருள்களும்: அன்றாட வீட்டு அழகுக்கான யோசனைகள் எங்கிருந்து கிடைக்கும்?

கேள்வி: மண்டபம் குடித்தனக்காரி

அனைவருக்கும் வணக்கம். கணவரின் பணிமாற்றத்தால் கோயம்புத்தூரிலிருந்து மண்டபத்துக்கு வந்து, கடற்கரைக்கு அருகில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முன்கட்டில் திண்ணையும், நடுவில் சிறிய முற்றமும், சுவர்களில் மாடக்குழிகளும் உள்ள வீடு. பார்த்தவுடன் பிடித்துப்போய்த்தான் முன்பணம் கொடுத்தோம். ஆனால் கொண்டுவந்த பொருள்கள் எதுவும் இந்த வீட்டோடு ஒட்டவில்லை. இரும்பு அலமாரியின் கால்கள் துருவேறிவிட்டன, படச் சட்டங்களுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறது, திரைச்சீலைகள் எப்போது தொட்டாலும் பிசுபிசுக்கின்றன.

கைப்பேசியில் வீட்டு அலங்காரப் படங்களைத் தேடினால், குளிர்நாட்டு வீடுகளின் வெள்ளைச் சோபாக்களும் கம்பளி விரிப்புகளும்தான் வருகின்றன. அவற்றைப் பார்த்து இந்த வெயிலில் என்ன செய்வது என்று தெரியவில்லை. பாட்டி விட்டுச்சென்ற குத்துவிளக்கு, சில செம்புகள், ஒரு பல்லாங்குழிப் பலகை ஆகியவை என்னிடம் உள்ளன. இவற்றோடு இன்னும் சில பழம்பொருள்களைச் சேர்த்து, பொருட்காட்சி போலத் தோன்றாமல், நாங்கள் வாழ்கிற வீடாகவே அதை அழகாக்க விரும்புகிறேன். தினமும் கண்ணில் படும் எதிலிருந்து நீங்கள் யோசனை பெறுகிறீர்கள்? பழம்பொருள்களை எங்கே, எதைப் பார்த்து வாங்குவது? உப்புக் காற்றில் அவற்றை எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கரையில் குடியிருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கீழக்கரை மருமகள்

சகோதரிக்கு, யோசனைக்காக நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போய்வந்தாலே போதும் என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் பெண்கள் பனங்குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஒரே அகலத்தில் கிழித்து, பாதிக்குச் சாயம் ஏற்றி, பாதியை ஓலையின் இயல்பான வெளிர்மஞ்சளிலேயே விட்டுக் கொட்டான்களும் பெட்டிகளும் முடைவார்கள். முடைவதற்கு முன் ஓலையைத் தண்ணீரில் நனைத்து வைத்தால்தான் அது ஒடியாமல் வளையும். ஒரு கொட்டானைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அடியில் சதுரமாகத் தொடங்குகிற பின்னல், விளிம்புக்கு வரும்போது வட்டமாகிவிடும், சாய ஓலையும் வெறும் ஓலையும் மாறிமாறி ஓடிக் கட்டங்களாகவும் சாய்கோடுகளாகவும் சேர்ந்திருக்கும். எங்கள் வீட்டு மெத்தை உறைகளுக்கும் மேசை விரிப்புகளுக்கும் நான் நிறம் தேர்ந்தெடுப்பது அந்தக் கொட்டான்களைப் பார்த்துத்தான். சிவப்பு, ஊதா, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள்கூட, நடுவே வெறும் ஓலையின் நிறம் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதில்லை.

என் மாமியார் வீட்டில் அழகுக்கென்று தனியாக ஒரு பொருள்கூட இருந்ததில்லை. வெங்காயம் ஒரு கொட்டானில், முட்டை ஒரு கொட்டானில், வெற்றிலை பித்தளைத் தட்டில், தைக்கும் ஊசியும் நூலும் பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. விருந்து நாள்களில் மட்டும் பரணிலிருந்து பெரிய தாம்பாளங்கள் இறங்கும். பொருளை மாட்டிவைக்க இடம் தேடுவதைவிட, அதற்கு ஒரு வேலை தேடிக் கொடுப்பதே நல்லது என்பதை அந்த வீட்டில்தான் கற்றேன். உங்கள் செம்புகளில் ஒன்று தண்ணீருக்கும், இன்னொன்று முற்றத்துப் பூக்களுக்கும் இருக்கட்டும். பல்லாங்குழியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடாதீர்கள். சோழி போட்டு மாலையில் விளையாடுங்கள். தினமும் கை பட்டால் அந்தப் பலகைக்கு வரும் மெருகு எந்த எண்ணெயிலும் வராது.

ஓலைப் பொருள்களுக்கு ஒரு குறிப்பு: மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடித்தவுடன் திண்ணையில் கவிழ்த்து வைத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும். நெகிழிப் பைக்குள் கட்டி வைத்தால்தான் கெடும்.

பதில்: அரண்மனை வாசல்

நான் ராமநாதபுரத்தில் இருக்கிறேன். பழம்பொருள்கள் சேர்ப்பது என் நெடுநாள் பழக்கம். எனவே உங்கள் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்தவர்களுக்கு மிக அருகில் உள்ள பெரிய பழம்பொருள் சந்தை, காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருதான். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கதவுகள், பீங்கான் ஜாடிகள், எனாமல் தூக்குகள், பித்தளை அண்டாக்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள் என்று அங்கே கடைகடையாகக் குவிந்திருக்கும். முதல் முறை போகும்போது ஒன்றும் வாங்காதீர்கள். காலையில் போய், வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, எந்தப் பொருளை வீட்டுக்கு வந்த பிறகும் மனம் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, அதை அடுத்த முறை வாங்குங்கள்.

பித்தளைப் பாத்திரம் என்றால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல ஆண்டுகள் தரையில் இழுபட்ட பாத்திரத்தின் விளிம்பு ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. கை பிடிக்கும் இடமும் தரையில் பட்ட இடமும் மட்டும் வழவழப்பாக இருக்கும். அமிலம் தடவிப் பழமையாக்கிய புதுப் பாத்திரத்தில் கருமை எல்லா இடத்திலும் ஒன்றுபோல அப்பியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் வேறு ஒன்று. சீர்வரிசையாக வந்த பாத்திரங்களின் கழுத்துப் பகுதியில், உளியால் புள்ளிபுள்ளியாகக் குத்தி, கொடுத்தவர் பெயரையோ தலைப்பெழுத்தையோ பொறித்திருப்பார்கள். கடைக்காரர் அதைத் தேய்த்து அழித்துவிட்டுப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய பித்தளையில் சமைக்க நினைத்தால், உட்புறம் வெள்ளீயம் பூசிய பிறகே சமைக்க வேண்டும். புளிப்பான எதையும் அந்தப் பூச்சில்லாத பித்தளையில் வைக்கக் கூடாது.

மரச்சாமான்களில் கால்களுக்கு அடியில் மாவு போன்ற தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கக்கூடும். எனாமல் பாத்திரம் என்பது இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு. பூச்சு பெயர்ந்த இடத்தில் நம் ஊர்க் காற்று உடனே துருவைத் தொடங்கிவைக்கும். பெயர்ந்த இடத்தில் சிறிது தேன்மெழுகைச் சூடாக்கித் தடவுங்கள்; அதில் சாப்பிடாமல் சாவி, ரசீது போன்றவற்றைப் போட்டுவையுங்கள்.

சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவையும், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுவடிகளும் தொல்பொருள்களாகக் கருதப்படும். அவற்றை விற்பவருக்கு உரிமம் வேண்டும்; குறிப்பிட்ட சில வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும்; தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று சொல்ல மறுக்கிற சிலையின் பக்கம் போகவே வேண்டாம். ஓலைச்சுவடியைச் சட்டமிட்டு மாட்டுகிற புது வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அது படிக்கவும் காக்கவும் வேண்டிய பொருள்.

பதில்: பாம்பன் ஆசிரியர் (ஓய்வு)

மேலே எழுதிய நண்பர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு மாறுபட்ட கருத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது, கதவும் நிலையும் தூணும் எடைக்குப் போகின்றன. பின்னர் அவையே நகரத்துக் கடைகளில் பன்மடங்கு விலைக்கு வருகின்றன. கடைக்குப் போகும் முன், உங்கள் தெருவில் எந்த வீடு இடிபடப்போகிறது என்று விசாரியுங்கள். உரிமையாளரிடம் நேரில் பேசி, அவர் மனமுவந்து தருவதை நியாயமான விலைக்கு வாங்கினால், அந்தப் பொருள் எந்த அறையில் இருந்தது, யார் பயன்படுத்தினார்கள் என்பதும் சேர்ந்தே வரும். அது எந்த விலைச்சீட்டிலும் இராது.

அன்றாடத் தூண்டுதல் பற்றிக் கேட்டீர்கள். மண்டபத்தில் குடியிருப்பவருக்கு வாய்த்தது வேறு எங்கும் வாய்க்காது அம்மா. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் எங்கள் மக்கள் சொல்வார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். தென்மேற்குக் காற்று வந்தால் இது தலைகீழாகும். மீனவர்கள் காற்றைப் பார்த்துப் படகைக் கரை மாற்றிக் கட்டுவதுபோல, வீட்டையும் காற்றைப் பார்த்து மாற்றி அமைக்கலாம். வாடைக் காலத்தில் வடக்குச் சன்னல் ஓரத்தில் இருக்கும் துணி, புத்தகம், படம் எல்லாவற்றையும் உள்சுவருக்கு நகர்த்துங்கள். அந்த இடத்தில் மண்பானை, கல்உரல், பீங்கான் ஜாடி போன்ற, உப்புக்கு அஞ்சாத பொருள்கள் இருக்கட்டும். காற்றுத் திரும்பும்போது மீண்டும் மாற்றுங்கள். ஆண்டுக்கு இருமுறை வீடு புதிதாகும். செலவு ஒன்றும் இல்லை. திரைச்சீலை பிசுபிசுப்பதற்குக் காரணம் அதில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதே. கனமான செயற்கைத் துணிக்குப் பதில் மெல்லிய கைத்தறிப் பருத்தியைப் போட்டு, அடிக்கடி நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

நேரம் கிடைக்கும்போது ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. போரும் அரசவையும் இராமாயணக் காட்சிகளும் பார்க்க வேண்டியவைதாம்; ஆனால் வீட்டு அழகைத் தேடிப் போகிறவர், ஓவிய மாந்தரின் உடைகளில் உள்ள துணிவேலைப்பாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த மண்ணின் வெயிலுக்கு எந்த நிறம் எந்த நிறத்தோடு நிற்கும் என்பதை அந்த ஓவியர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கரையில் பவளப்பாறைத் துண்டுகள் ஒதுங்கும். அழகாக இருக்கிறதே என்று எடுத்துவந்து அலமாரியில் வைக்கத் தோன்றும். யாராவது விற்கவும் வருவார்கள். பவளமும் கடல்விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ளவை. சில வகைச் சங்குகளும் அப்படியே. முன்பு சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் பவளக்கல்லை வெட்டி எடுத்ததில் இந்தக் கடல் பட்ட பாடு போதும். மீன்வலையையும் துடுப்பையும் சுவரில் மாட்டுகிற விடுதி வழக்கமும் வேண்டாம். வலை பின்னிப் பிழைக்கிறவர் வீட்டில் அது ஒருநாளும் அலங்காரமாக இருந்ததில்லை.

கேள்வியாளர்: மண்டபம் குடித்தனக்காரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வடக்குச் சன்னல் ஓரம் இருந்த புத்தக அலமாரியை இன்றே உள்ளே நகர்த்திவிட்டோம். அந்த இடத்தில் மண்பானை வந்திருக்கிறது. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினாலும் சில நாள்களில் இடுக்குகளில் வெளிர்பச்சைத் தூள் மீண்டும் வருகிறது, இது ஏன்? முற்றத்தை ஒட்டிய சுவரில் வண்ணப்பூச்சு கொப்புளித்து உதிர்கிறது. வீட்டுக்காரர் மேலே இன்னொரு பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்கிறார், சம்மதிக்கலாமா?

பதில்: அரண்மனை வாசல்

அந்த வெளிர்பச்சைத் தூள் செம்பு கலந்த உலோகத்தில் உப்பு இறங்கியதால் வருவது. உப்பும் ஈரமும் உள்ளே இருக்கும்வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும். மேலே மட்டும் தேய்த்துப் பயனில்லை. உங்கள் புளியிலேயே காரணம் இருக்கலாம். நம் வீடுகளில் பழம்புளியை உப்புப் போட்டுப் பிசைந்துதானே பானையில் வைக்கிறோம்? அந்தப் புளியால் துலக்கிவிட்டு மேலோட்டமாகக் கழுவினால், இடுக்குகளில் உப்பு தங்கிவிடும். உப்பில்லாத புதுப்புளியால் துலக்குங்கள். பிறகு விளக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைப் பலமுறை மாற்றுங்கள். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரையோ குடிநீரையோ பயன்படுத்துங்கள். பழைய பல்துலக்கியால் திருகு மரைகளைத் தேய்த்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, ஏற்றாத நாள்களிலும் மெல்லியதாக எண்ணெய் தடவி வையுங்கள். நீண்டநாள் உள்ளே வைக்கும் பாத்திரமென்றால் எண்ணெய்க்குப் பதில் தேன்மெழுகு நல்லது. எண்ணெயில் தூசு ஒட்டும்.

பதில்: கீழக்கரை மருமகள்

சுவர் விஷயத்தில் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பழைய வீடு என்பதால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைச் சுவராகத்தான் இருக்கும். அதற்குள் ஏறும் ஈரம் காற்றில் ஆற வேண்டும். மேலே நெகிழி கலந்த வண்ணத்தை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்பு உள்ளேயே பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. இன்னொரு பூச்சு அடித்தால் அதுவும் உதிரும். உதிர்ந்ததையெல்லாம் சுரண்டி எடுத்து, உலர்ந்த துடைப்பத்தால் உப்பைப் பெருக்கி, சில வாரங்கள் அப்படியே விட்டுவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, துளி நீலம் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அடிக்காமல், தண்ணீராக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த கொத்தனார் இப்போது அரிதுதான். என் வாப்பா வீட்டுக்கு வருகிற ஒருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். மழைக்கு முன் முடித்துவிடுங்கள்; ஈரச் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்றில்லை, ஆனால் அடைமழை நேரடியாக அடித்தால் ஆறுவதற்குள் கரைந்து முற்றத்தில் ஓடிவிடும்.