மாத்தி தியோப் படங்கள்: பார்த்தவர்கள், திரையிட்டவர்கள் அனுபவப் பகிர்வு

கடற்கரைச்சாலை:

இயக்குநராக மட்டும் மாத்தி தியோப்பைத் தெரிந்தவர்கள், நடிகையாக அறிமுகமான '35 ஷாட்ஸ் ஆஃப் ரம்' (2008) படத்திலிருந்து தொடங்குவது நல்லது. இயக்கம் கிளேர் தெனி. கதையில் அப்பா கரீபியத் தீவுப் பூர்வீகம், பாரிஸில் மின்ரயில் ஓட்டுநர். ஜெர்மன்காரியான அம்மா உயிரோடு இல்லை. மகள் ஜோசஃபின்தான் தியோப். ஆரம்பத்திலேயே ஒரு ரைஸ் குக்கர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். பின்னாலேயே அப்பாவும் ஒன்று வாங்கி வருகிறார். தன்னுடையதைப் பற்றி மூச்சு விடாமல் ஒளித்து வைத்துவிட்டு, அப்பா கொண்டுவந்ததற்குச் சந்தோஷப்படுகிறாள். அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால் படத்தில் அப்பாவும் மகளும் எப்படிப்பட்டவர்கள் என்பதே பிடிபடாது. அங்கே கவனமாக இருங்கள்.

தியோப்பின் பின்னணி தெரியாதவர்களுக்கு: பிறந்தது பாரிஸ், 1982. அம்மா பிரெஞ்சு. அப்பா செனகல் இசைக்கலைஞர் வாசிஸ் தியோப். அப்பாவின் அண்ணன்தான் இயக்குநர் ஜிப்ரில் தியோப் மாம்பெட்டி. ஆப்பிரிக்க சினிமா பேசும் யாரும் தாண்டிப்போக முடியாத பெயர்.

நிழற்படி:

அந்தப் பெரியப்பாவிடமிருந்துதான் வரிசையைத் தொடங்கவேண்டும். தியோப்பின் 'ஆயிரம் சூரியன்கள்' (2013) வெறும் 45 நிமிடம். ஆனால் மாம்பெட்டியின் 'டூக்கி பூக்கி' (1973) பார்க்காமல் அதைப் போட்டால் பாதி அரங்கு விழிக்கும். பழைய படத்தில் மோரி, அன்டா என்ற காதலர்கள் பாரிஸுக்குக் கப்பலேறத் துடிக்கிறார்கள். கடைசி நேரத்தில் அவள் ஏறிவிடுகிறாள், அவன் திரும்பி ஓடிவிடுகிறான். மோரியாக நடித்த மகாயே நியாங் 40 வருடம் கழித்து செனகல் தலைநகர் டாக்கரில் மாடு ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரை வைத்துத்தான் தியோப்பின் படம். திறந்தவெளியில் பழைய படம் ஓடுகிறது. திரையில் இருப்பது நான்தான் என்று அவர் சொன்னால் சுற்றியிருக்கும் பிள்ளைகள் நம்பவில்லை. அந்த இளைஞனின் முகம் முன்பே நம் மனதில் பதிந்திருந்தால்தான் இந்தக் காட்சி வலிக்கும்.

இரண்டையும் ஒரே மாலையில் போடலாம், நடுவில் 15 நிமிட இடைவெளி போதும். 'டூக்கி பூக்கி'யின் தொடக்கத்தில் மாடு அறுப்பதை நிஜமாகவே காட்டுவார்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். 2008-ல் மீட்டெடுத்த பிரதி கிடைக்கிறது. அதையே தேடிப் பிடியுங்கள், பழைய நகல்களில் நிறமே செத்துப்போயிருக்கும்.

வோலோஃப் வகுப்பு:

'அட்லாண்டிக்ஸ்' (2019) பற்றிச் சொல்கிறேன். கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீ வாங்கிய படம். அந்தப் போட்டிப் பிரிவில் இடம்பிடித்த முதல் கறுப்பினப் பெண் இயக்குநர் இவர்தான்.

வீட்டில் பார்க்கிறீர்களா? முதலில் ஒலி மெனுவைத் திறந்து, செனகலில் பெரும்பாலோர் பேசும் வோலோஃப் மொழி இருக்கிறதா பாருங்கள். டப்பிங்கில் இந்தப் படம் பாதிதான். ஜனங்கள் தங்களுக்குள் பேசுவது வோலோஃப், அதிகாரம் பேசும் இடங்களில் பிரெஞ்சு எட்டிப் பார்க்கும். சப்டைட்டில் இரண்டையும் ஒரே எழுத்தில் போட்டுவிடுவதால், யார் எப்போது மொழி மாறுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது. காதுதான் பிடிக்கவேண்டும். பாரிஸில் வளர்ந்த ஒருவர் தன் முதல் முழுநீளப் படத்தை வோலோஃபில் எடுத்தது சும்மா இல்லை.

வோலோஃபில் 'நங்கா டெஃப்' என்றால் எப்படி இருக்கிறீர்கள். பதில் 'மங்கி ஃபி', அதாவது இங்கேதான் இருக்கிறேன். சம்பளம் கிடைக்காத கட்டடத் தொழிலாளிப் பையன்கள் ஸ்பெயினுக்குப் படகேறிக் கடலில் காணாமல் போகும் கதைக்கு முன் இந்த ஒரு வழக்கம் தெரிந்திருந்தால் போதும், படம் வேறு மாதிரி கேட்கும். இன்னொன்று, அந்த இளைஞர்களிடையே புழங்கிய 'பார்சா வாலா பர்சாக்': பார்சிலோனா, இல்லையென்றால் பர்ஸக். செத்தவர்கள் காத்திருக்கும் அந்த இடத்தைத் தமிழ் முஸ்லிம்களும் பர்ஸக் என்றே சொல்வதால், நம்மில் பலருக்கு விளக்கமே வேண்டாம்.

இரண்டாம் பாதியில் பெண்கள் கண் வெளுத்து நடப்பதைப் பேய்ப்படம் என்று நினைத்துச் சிரித்துவிடுகிறார்கள். ஃபாரு ராப், அதாவது ஒருத்தியைக் காதலனாகப் பிடித்துக்கொள்ளும் ஆவி, அங்கே ஊரறிந்த நம்பிக்கை. செத்தவர்கள் கூலி கேட்டு வருகிறார்கள், பயமுறுத்த வரவில்லை. முன்னுரையில் இவ்வளவு சொன்னால் அரங்கு அமைதியாகிவிடும்.

திரையிடல் பொறுப்பு:

அதே படத்துக்குத் தொழில்நுட்பமாக ஒன்று. பாதிக்குமேல் இரவு. ஜன்னல் வெளிச்சம் உள்ள அறையில் போட்டால் கறுப்புத் தோலும் கறுப்பு இரவும் ஒன்றாகிப்போகும். கிளேர் மத்தோன் அவ்வளவு நுணுக்கமாக ஒளிப்பதிவு செய்தது வீணாகும். திரைச்சீலை போட்டு அடையுங்கள். ப்ரொஜெக்டரில் வெளிச்சத்தை ஏற்றாதீர்கள், இருட்டு சாம்பலாகிவிடும். இணையம் மெதுவாக இருந்தால் கடல் கட்டம் கட்டமாக உடையும், அதனால் பதிவிறக்கி வைத்துப் போடுங்கள்.

'டஹோமி' (2024, பெர்லின் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கக் கரடி) 68 நிமிடம். இன்றைய பெனின் நாட்டில் இருந்த டஹோமி அரசிலிருந்து 1892-ல் பிரெஞ்சுப் படை அள்ளிக்கொண்டு போன அரண்மனைப் பொருட்களில் 26 மட்டும் 2021 நவம்பரில் பாரிஸிலிருந்து பெனின் திரும்பியதைப் பற்றியது. அபோமே-கலாவி பல்கலைக்கழக மாணவர்களின் விவாதம்தான் என் பார்வையில் படத்தின் உயிர். 7,000 பொருட்களில் 26 தருவது அவமானமா, ஆரம்பமா என்று ஆளாளுக்குக் கொதிக்கிறார்கள். தியோப் இந்த விவாதத்தைத் தானே ஏற்பாடு செய்து படமாக்கினார். எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

ப்ரொஜெக்டரை இயக்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. டஹோமியை ஆண்ட கெசோ மன்னரின் சிலையைப் பெட்டியில் வைத்து மூடும்போது கேமராவும் உள்ளே இருக்கிறது. திரை முழுக்க இருளும். விளக்குப் போய்விட்டதென்று நினைத்து படத்தை நிறுத்தி விடாதீர்கள். அந்த இருட்டில் சிலை பெனினின் ஃபான் மொழியில் பேசும், அடித்தொண்டையில் பல குரல்கள் பின்னிய மாதிரி. மடிக்கணினி ஸ்பீக்கரில் அந்தக் கீழ்ச்சுருதி வராது. ஒரு சப்வூஃபராவது வாடகைக்கு எடுத்து, படம் தொடங்குமுன் அந்த இடத்தை ஓட்டிப் பார்த்து ஒலியளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.