ஓடை பிரித்த மோட்லராய்ட்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: ஜெர்மனியின் ஹோஃப் நகருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஞாயிறன்று பக்கத்திலுள்ள மோட்லராய்ட் போனேன். சுமார் 50 பேர் வாழும் ஊர். பாதி பவேரியா மாநிலம், பாதி துரிங்கியா மாநிலம் என்கிறார்கள். ஏன் இப்படி?

பதில்: எல்லாம் நடுவில் ஓடும் டான்பாக் ஓடையால்தான். தாண்டிக் குதித்துவிடலாம், அவ்வளவு சின்னது! 1810-ல் அதன் ஓரம் எல்லைக்கல் நட்டார்கள்: ஒரு பக்கம் பவேரியா, மறுபக்கம் ரொய்ஸ் சிற்றரசு (பின்னாளில் துரிங்கியா). ஆனாலும் பள்ளிக்கூடம் ஒன்றுதான், சத்திரமும் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பவேரியக் கரை அமெரிக்கர் வசம், மறு கரை சோவியத் வசம்; அது பின்பு கிழக்கு ஜெர்மனி ஆனது. 1952-ல் பலகை வேலி வந்தது, 1966-ல் 700 மீட்டர் கான்கிரீட் சுவர். கிழக்குப் பக்கத்தவர் எதிர்க்கரை உறவினருக்குக் கையசைக்கக்கூடத் தடை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. சுவர் எப்போது திறந்தது?

பதில்: 1989 டிசம்பர் 9. பெர்லின் சுவர் திறந்து ஒரு மாதம் கழித்து. அப்புறம், அடுத்த முறை வணக்கம் சொல்வதைக் கவனியுங்கள். பவேரியக் கரையில் ‘க்ரூஸ் காட்’, எதிர்க்கரையில் ‘கூட்டன் டாக்’.

இன்னொருவர்: சுவரில் ஒரு பகுதியை அருங்காட்சியகமாக விட்டுவைத்திருக்கிறார்கள். காவல் கோபுரத்தையும் பார்க்காமல் வராதீர்கள்.