மெயில் அனுப்பச் சம்மதம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பழையலென்ஸ்

மாதம் ஒரு மடல் அனுப்புகிறேன், பழைய பிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பது பற்றி. கூடவே உதிரி பாகங்கள் விற்பதால் சட்டத்தின் கண்ணில் அது வணிக மெயில்தான். வாசகர்களில் கனடாக்காரர்கள் நிறைய. சம்மதம் வாங்கியதை நிரூபிக்கும் பொறுப்பு அனுப்புகிறவர் தலையில்தான் என்று அந்த நாட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்வதால், யார், எப்போது, எந்தப் படிவத்தில் சேர்ந்தார்கள் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்திருப்பேன்.

ஒரு அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" கோபமெல்லாம் இல்லை, சும்மா கேட்டிருந்தார். நானும் தேதி, நேரம், ஐபி முகவரி, அன்று படிவத்தில் இருந்த வாசகம் எல்லாவற்றையும் எடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவே அனுப்பினேன்.

அடுத்த பதில் இரண்டே வரி. "அந்த நேரத்தில் நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்தில் இருந்தேன். போன் என் கையில் இல்லை."

அவ்வளவுதான். திட்டவும் இல்லை, நீக்கச் சொல்லவும் இல்லை. நானாகவே நீக்கிவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. யாரோ ஒருவர் அந்த முகவரியைத் தட்டச்சு செய்தார் என்பதற்கு மட்டும்தான் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அவர்தான் செய்தார் என்பதற்கு எதுவும் இல்லை. வெளியே காத்திருந்த உறவினரா? ஒரு எழுத்தை மாற்றி அடித்த வேறு ஆளா? இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

நடுவரிசை

உறுதிப்படுத்தும் மெயில் ஒன்று அனுப்பி, அதில் இருக்கும் இணைப்பைத் தட்டிய பிறகுதான் சேர்ப்பது என்று வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. டபுள் ஆப்ட்-இன் இருப்பதே அதற்குத்தானே!

என் கதை வேறு. ஒரு வணிகக் கண்காட்சி. எங்கள் மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை, விசிட்டிங் கார்டு போட்டால் குலுக்கலில் டேப்லெட். சாயங்காலம் மேலாளர் குடுவையைக் கவிழ்த்து, கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, "ராத்திரியே ஏற்றிவிடு, நாளைக்கு ஆஃபர் மெயில் போகணும்" என்றார். ஒரு கார்டின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தது: "குலுக்கலுக்கு மட்டும். மெயில் வேண்டாம்." எடுத்துக் காட்டினேன். வாங்கிப் படித்தார். முன்பக்கம் தெரியும்படி திருப்பி, அடுக்கின் நடுவில் செருகிவிட்டார்! ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கார்டை மட்டும் ஏற்றாமல் விட்டேன். ஆனால் மொத்தக் குடுவையுமே நூறு சதவீதம் சட்டவிரோதம்தான்.

ஷரத்து

"நூறு சதவீதம்" என்பதை ஏற்க மாட்டேன். கனடா சட்டத்தில் மறைமுகச் சம்மதம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் முகவரியை உங்களிடம் கொடுக்கிறார், மெயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, நீங்கள் அனுப்புவது அவருடைய வேலைக்குச் சம்பந்தப்பட்டது என்றால் அனுப்பலாம். அந்த நீல மைக் கார்டு அடிபட்டுப் போகும், மற்றவை அப்படியில்லை. அமெரிக்கா என்றால் கதையே வேறு. 2004 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் கேன்-ஸ்பேம் சட்டம் முன்சம்மதமே கேட்பதில்லை. நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், அஞ்சல் முகவரி போட வேண்டும், தலைப்பில் பொய் சொல்லக் கூடாது, இப்படித்தான் போகும்.

என் அனுபவம் சின்னது. கனடா சட்டம் 2014 ஜூலை 1 அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரம் இன்பாக்ஸ் முழுக்க "உங்கள் சம்மதம் தேவை" மெயில்கள். ஒரு நிறுவனம் மட்டும் "பதில் வராவிட்டால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வோம்" என்று எழுதியிருந்தது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் சரி, இந்தச் சட்டத்தில் செல்லாது. அவர்களிடமிருந்து இன்றும் மெயில் வந்துகொண்டிருக்கிறது.

சரி, புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மறைமுகச் சம்மதத்துக்குப் பெரும்பாலும் ஆயுள் உண்டு. பொருள் வாங்கியவர் என்றால் வாங்கிய நாளிலிருந்து 2 வருஷம், விசாரித்தவர் என்றால் 6 மாதம். வெளிப்படையாகச் சொன்ன சம்மதமோ அவரே திரும்பப் பெறும்வரை செல்லும். அதனால் பட்டியலில் முகவரிக்குப் பக்கத்திலேயே சம்மதத்தின் வகையையும் தேதியையும் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் எது காலாவதியானது என்றே தெரியாது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதம் ஆகாது. விதிமுறைகளுக்குள் ஒளித்து வாங்குவதும் ஆகாது. அப்புறம், சம்மதம் இல்லாதவரிடம் "சம்மதமா?" என்று கேட்டு மெயில் அனுப்பாதீர்கள். அந்த மெயிலே கனடாவில் வணிக மெயில் கணக்கில்தான் வரும். பிரிட்டனிலும் அதே சங்கதி. ஃப்ளைபி விமான நிறுவனம், வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்னவர்களுக்கு "உங்கள் விவரங்கள் சரியா?" என்று 33 லட்சம் மெயில் அனுப்பியதற்கு 2017-இல் 70,000 பவுண்டு அபராதம் கட்ட நேர்ந்தது.

நடுவரிசை

கண்ணாடிக் குடுவைக்குள் டேப்லெட்டுக்காகப் போட்ட கார்டு, எங்கள் ஆஃபருக்கு எப்படிச் சம்பந்தப்படும்? மளிகைக்காரர் முதல் பல் டாக்டர் வரை போட்டிருந்தார்கள். கனடாவில் கம்ப்யூ-ஃபைண்டர் என்ற பயிற்சி நிறுவனமும் வலைத்தளங்களில் எல்லோரும் பார்க்கப் போட்டிருந்த முகவரிகள்தானே என்று வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. 2015-இல் விதித்த 11 லட்சம் டாலர் அபராதம் பின்னால் 2 லட்சமாகக் குறைந்தது, அவ்வளவுதான். சட்டத்தில் சந்து இருப்பதும் அதில் புகுந்து வெளியே வருவதும் ஒன்றில்லை.

இன்பாக்ஸ் இல்லத்தரசி

நீங்களெல்லாம் அனுப்புகிறவர்கள். வாங்குகிற ஜீவன் ஒன்று பேசட்டுமா?

ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். அன்றிலிருந்து தினம் ஒரு மெயில். விலகும் இணைப்பு எங்கே என்று தேடினால், வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து. தட்டினால் லாக்-இன் செய்யச் சொல்கிறது. நான் கணக்கே திறக்கவில்லை, விருந்தினராகத்தான் வாங்கினேன்! கணக்குத் திறந்தேன். திறந்த உடனே வரவேற்பு மெயில் வந்தது. கடைசியில் "உங்கள் கோரிக்கை 28 நாட்களில் நிறைவேற்றப்படும்" என்று ஒரு பக்கம், அதில் கண்ணீர் விடும் நாய்க்குட்டிப் படம். அந்த நாய்க்குட்டியைப் பார்த்ததும்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

கனடா, அமெரிக்கா இரண்டிலும் 10 வேலை நாள்தான் கெடு. அமெரிக்காவில் விலகுவதற்கு மெயில் முகவரிக்கு மேல் தகவல் கேட்கவே கூடாது. அப்புறம் நான் எதற்கு விலகுவது? ஸ்பேம் பட்டனை அழுத்திவிட்டுப் போனேன்.

சர்வர் சாமியார்

அந்த செருப்புக்காரருக்கு அது வேண்டியதுதான், ஆனால் நீங்களாகச் சேர்ந்த மடலுக்கெல்லாம் அதைப் பழக்கமாக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடாமல் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். தினம் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே தட்டில் விலகும் வசதியும் தர வேண்டும்.

என்னைக் குழப்பியது வேறொன்று. ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த வாசகர்கள் அத்தனை பேரும் ஒரே வினாடியில் விலகியிருந்தார்கள். மணி, நிமிடம், வினாடி எல்லாம் ஒன்று. என்ன தப்பாக எழுதிவிட்டோம் என்று அந்த இதழை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் அதில் ஒருவரே "ஏன் மடல் வரவில்லை?" என்று கேட்டு எழுதினார். அவர்களுடைய மெயில் பாதுகாப்பு மென்பொருள், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே இருந்த இணைப்பு ஒவ்வொன்றையும் தானே திறந்து பார்த்திருக்கிறது. விலகும் இணைப்பையும் சேர்த்து! ஒரே தட்டு முறைக்கு வந்த ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரம் இதற்குத்தான் வெறும் இணைப்புத் திறப்பை ஏற்காமல் போஸ்ட் கோரிக்கை, அதாவது படிவத்தை நிரப்பி அனுப்புவது போன்ற தனிக் கட்டளை, கேட்கிறது.

பழையலென்ஸ்

அப்படியென்றால் அந்த மென்பொருள் உறுதிப்படுத்தும் இணைப்பையும் தட்டுமே? நடுவரிசை சொன்ன டபுள் ஆப்ட்-இன் அங்கேயே ஓட்டையாகிவிடுகிறதே!

சர்வர் சாமியார்

தட்டும். நானே பார்த்திருக்கிறேன். இணைப்பைத் திறந்தவுடன் சேர்த்துவிடாமல், திறக்கிற பக்கத்தில் "ஆம், சேருங்கள்" என்று ஒரு பட்டன் வையுங்கள். ஸ்கேனர்கள் பெரும்பாலும் பக்கத்தைத் திறப்பதோடு சரி, பட்டனை அழுத்தாது. அழுத்திய நேரத்தைத் தனியாகப் பதியுங்கள், படிவம் நிரப்பிய நேரத்தோடு கலக்காதீர்கள்.

ஷரத்து

பட்டனுக்குப் பக்கத்தில் உங்கள் பெயர், அஞ்சல் முகவரி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். கனடாவில் சம்மதம் கேட்கும் இடத்திலேயே அதெல்லாம் இருக்க வேண்டும்.