உதவி: கிராஃபிக்ஸ் கார்டு சத்தம் தாங்க முடியவில்லை (அவசரம்!!)

ராக்கோழி:
வணக்கம். கார்டு போடும் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை. சத்தம் இல்லாத கூலர் தனியாக வாங்கி மாட்டலாமா? வாட்டர் கூலிங் போட்டால் சரியாகுமா? பட்ஜெட் 3000 ரூபாய். இன்று இரவுக்குள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

திருகாணி:
என்ன கார்டு? என்ன கேபினெட்? கேம் ஆடும்போதா, சும்மா இருக்கும்போதா? ஒன்றுமே சொல்லாமல் கூலர் கேட்டால் எப்படி? 3000 ரூபாய்க்கு வாட்டர் கூலிங்கில் குழாய்தான் வரும்.

யாழ்மின்னி:
எப்படியான சத்தம் என்றும் சொல்லுங்கோ. காற்று இரைச்சலா, கரகரப்பா, காதுக்குள் நுளம்பு போன மாதிரிக் கீச்சென்றா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கீச்சென்றால் அது விசிறியே இல்லை, கார்டில் இருக்கும் கம்பிச்சுருள் (coil) அதிர்கிற சத்தம். அதற்கு எந்தக் கூலர் மாற்றியும் பிரயோசனம் இல்லை.

பென்டியம்தாத்தா:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. 2003இல் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா வந்தபோது தூசு உறிஞ்சும் மெஷின் என்று உலகமே கேலி செய்தது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இன்றைய கார்டெல்லாம் தாலாட்டு.

ராக்கோழி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, இரண்டு ஃபேன், செகண்ட் ஹேண்ட். கம்பெனி பெயர் வேண்டாம், எனக்கு விற்றவர் இங்கே உறுப்பினர். இரவில் பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் ரெண்டர் (படங்களை உருவாக்கும் வேலை) போட்டுவிட்டுப் படுப்பேன். அப்போது 83 டிகிரி, ஃபேன் 2800 சுற்று. பெரும்பாலும் காற்று இரைச்சல், நடுநடுவே கரகரப்பு. ஒற்றை அறை வீடு, குழந்தைக்கு ஐந்து மாதம். தாலாட்டு என்று சொன்னவர் ஒரு இரவு வந்து தங்கிப் பார்க்கலாம்.

சேலம்சோல்டர்:
சிப்பின் சூட்டை மேலே உள்ள ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். சந்தேகமே வேண்டாம். பழைய கார்டு எது வந்தாலும் நான் முதலில் பேஸ்டைத்தான் மாற்றுவேன், பத்தில் எட்டு அங்கேயே முடிந்துவிடும். எம்எக்ஸ்-4 பேஸ்ட் போதும். ஒரு எச்சரிக்கை: மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) கிழிந்தால் அதே தடிமனில்தான் வாங்க வேண்டும். நான் ஒருமுறை 1 மிமீ இருந்த இடத்தில் 1.5 ஒட்டினேன். ஹீட்சிங்க் சிப்பின் மேல் உட்காராமல் தூக்கிக்கொண்டது, முன்பைவிடச் சூடு.

திருகாணி:
பேஸ்ட் மாற்றினாலும் அந்தச் சின்ன ஃபேன் சின்ன ஃபேன்தான். தனிக் கூலரைத் தேடி அலைய வேண்டாம், திருகு ஓட்டை இடைவெளி உங்கள் போர்டுக்குப் பொருந்த வேண்டும், விலையும் தாங்காது. கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் ஃபேன்களையும் கழற்றுங்கள். ஹீட்சிங்க் அப்படியே இருக்கட்டும். அதன் மேல் ஆர்க்டிக் பி12 மாதிரி 120 மிமீ ஃபேன் இரண்டை ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். ஃபேன் 25 மிமீ தடிமன், கீழே இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். கார்டில் உள்ள ஃபேன் பின் சின்னது, அதற்கு மாற்று வயர் வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் காதுக்குக் கண் இல்லை.

வெப்பமானி:
கழற்றுவதற்கு முன் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. 3060 இழுப்பது 170 வாட். ஆஃப்டர்பர்னர் என்ற விண்டோஸ் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பு) 75 சதவீதத்துக்கு இறக்குங்கள், கிட்டத்தட்ட 128 வாட். வேகம் அந்த அளவுக்குக் குறையாது, கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்குத்தான் கார்டு இப்படி மின்சாரத்தைக் குடிக்கிறது. சூடு குறைந்தால் ஃபேன் கர்வையும் (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற அமைப்பு) இறக்கலாம். சுற்று பாதியானால் சுமார் 15 டெசிபல் குறையும்.

பென்டியம்தாத்தா:
பவர் லிமிட் என்பது சோம்பேறிகளின் வழி. தெரிந்தவர்கள் அண்டர்வோல்ட் செய்வார்கள், அதாவது அதே வேகத்துக்குக் குறைந்த வோல்ட்டேஜ் கொடுப்பார்கள். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் வோல்ட்டேஜுக்கும் வேகத்துக்குமான கர்வ் வரும். 900 மில்லிவோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.

ராக்கோழி:
ஆஃப்டர்பர்னர் எனக்கு இல்லையே. நான் விண்டோஸ் இல்லை, உபுண்டு லினக்ஸ்.

திருகாணி:
இதை முதல் வரியிலேயே சொல்லக் கூடாதா சாமி!

வெப்பமானி:
பரவாயில்லை. டெர்மினலில் சூடோ போட்டு என்விடியா-எஸ்எம்ஐ, அதோடு -பிஎல் 130. அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி 170க்குப் போய்விடும், அதனால் பூட் ஆகும்போதே ஓடும்படி ஒரு சர்வீஸ் எழுதிவிடுங்கள்.

யாழ்மின்னி:
கரகரப்புக்கு இதெல்லாம் மருந்தில்லை. கணினியை நிறுத்தி வயரையும் பிடுங்கிவிட்டு, விசிறி ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கோ. ஒன்று மட்டும் லொடலொடவென்று ஆடினால் பேரிங் போயிட்டுது.

டீக்கடைபெஞ்ச்:
இவ்வளவு பாடு எதற்கு? கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். நான்கு வருஷமாக நான் அப்படித்தான்.

பென்டியம்தாத்தா:
நான்கு வருஷத் தூசும் உள்ளே இருக்குமே. முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளும்படி வடிவமைத்த பெட்டியைத் திறந்து போடுவது, ஏசி போட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

டீக்கடைபெஞ்ச்:
உங்கள் ஊரில் ஏசி இருக்கும். எங்கள் ஊரில் மே மாதம் அறையே 36 டிகிரி. அறையில் பத்து டிகிரி ஏறினால் கார்டிலும் பத்து ஏறும், அதற்கு எந்தப் பெட்டி என்ன செய்யும்?

யாழ்மின்னி:
திறந்து வைக்காதேங்கோ. எங்கட வீட்டில் பல்லி ஒன்று சூட்டுக்கு உள்ளே போய் பவர் சப்ளையில் ஒட்டிக்கொண்டது. பல்லியும் போச்சு, பவர் சப்ளையும் போச்சு.

டீக்கடைபெஞ்ச்:
மூடியிருந்தால் மட்டும் பல்லி வராதா? பின்னால் கார்டு சொருகும் இடத்தில் தகடு இல்லாத ஓட்டை ஒன்று போதும்.

சேலம்சோல்டர்:
பல்லி பரவாயில்லை. எறும்பு வந்தால் தெரியும். ஆனால் பேஸ்டை மறந்துவிடாதீர்கள்.

பென்டியம்தாத்தா:
உள்ளே இருந்து வெளியே காற்று தள்ளும் பாசிட்டிவ் பிரஷர் இருந்தால் பூச்சி வராது.

யாழ்மின்னி:
பூச்சிக்குச் சரி. பல்லிக்கு அந்தக் காற்று மசாஜ் மாதிரி.

மட்டுறுத்துநர்:
பல்லிக்குத் தனி இழை தொடங்கவும்.

திருகாணி:
கேள்வி கேட்டவர் எங்கே? பத்து நாளாகிறது.

(மூன்று வாரம் கழித்து)

ராக்கோழி:
எல்லோருக்கும் நன்றி. குழந்தைக்குக் காய்ச்சல், அதனால் வரவில்லை. 130 வாட், புது பேஸ்ட். 74 டிகிரி, 1700 சுற்று. ஆறு நிமிட ஃபிரேம் இப்போது ஆறே கால் நிமிடம். லொடலொட ஃபேன் ஒன்றுதான், அதே அளவில் பழையது கிடைத்தது. ஜிப் டை வரை போகவில்லை. மூடியைக் கழற்றியபோது கேபினெட்டின் அடியில் பல்லி முட்டை இரண்டு. வாங்கியதிலிருந்து மூடி மூடியே இருந்தது.

டீக்கடைபெஞ்ச்:
சொன்னேனா இல்லையா?

பென்டியம்தாத்தா:
அண்டர்வோல்ட் செய்திருந்தால் ஆறு நிமிடம் ஆறு நிமிடமாகவே இருந்திருக்கும்.

யாழ்மின்னி:
முட்டையை என்ன செய்தனீங்கள்?