குரங்கு எண்ணிய காலை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

உப்புவெளிப் பெடியன்
2025 மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, பயிரை அழிக்கும் குரங்கு, மயில் போன்றவை தங்கள் காணியில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணி எழுதச் சொன்னது இலங்கை அரசாங்கம். படிவம் எல்லோருக்கும் வந்திருக்கும். நான் கிணற்றடியில் நின்றேன். மதிலில் வரிசையாக 11 குரங்கு. எழுதிவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாமி, கையில் பேனா. "தம்பி, எனக்குப் பதினொன்று. உமக்கு எத்தனை?" என்கிறார்! இரண்டு படிவமும் அப்படியே போயின. பிறகு நாட்டில் குரங்கு மட்டும் 50 இலட்சத்துக்கு மேல் என்று முடிவு வந்ததே, அதில் எங்கள் மதில் எத்தனை தரம் சேர்ந்ததோ.

லிங்கநகர் வாசி
ஒரே நேரத்தில் நாடு முழுக்க எண்ணச் சொன்னதே ஒன்றை இரண்டு தரம் எண்ணாமல் இருக்கத்தான். அவரவர் காணிக்குள் நிற்பதை மட்டும்தான் எழுத வேண்டும். நீங்கள் பிழையாக எழுதிவிட்டு அரசாங்கத்தை நக்கல் அடிக்கிறீர்கள். சரி, மதில் யாருடையது?

உப்புவெளிப் பெடியன்
அதற்குத்தான் அப்பா காலத்திலிருந்து வழக்கு நடக்கிறது.

கோட்டையடி அக்கா
குரங்கு, மர அணில், மயில் எல்லாம் எண்ணினார்கள். எங்கள் கரைச்சல் மான். திருகோணமலை பிரட்றிக் கோட்டைப் புள்ளிமான் இப்போது கோட்டைக்குள்ளா நிற்கிறது? கடற்கரை, பஸ் ஸ்டாண்ட், குப்பைத்தொட்டி எங்கும் அதுதான். போன கிழமை ஒரு ஆண் மான் கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஓடியது. நடு வீதியில் பச்சைச் சேலை பறக்க மான் போகிறது, பின்னால் அம்மா, அதற்குப் பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். கோணேசர் கோவிலுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். சேலை கிடைத்தது, முந்தானை இல்லை. அம்மா மானைத் திட்டவில்லை, கொடி கட்டிய என்னைத்தான் திட்டினார். பாவம், அதுகளும் பொலித்தீனைத் தின்று சாகின்றன.

தம்பலகாமம் வயற்காரன்
டவுண்காரருக்குச் சேலையும் மதிலும். எங்களுக்கு யானை வந்தால் ஒரு இரவில் ஒரு போகம் போய்விடும். அது படிவத்தில் இல்லை. நான் அந்த ஐந்து நிமிஷமும் வரம்பில் நின்று மயில் எண்ணினேன். விதைத்த நெல்லை அப்படியே பொறுக்குகிறது. மனைவி சொல்கிறாள், முருகனின் வாகனத்தை அரசாங்கத்துக்குக் காட்டிக்கொடுக்காதே என்று. அவளுக்குத் தெரியாமல் எழுதினேன்.

சலூன் தம்பி
எனக்கு அந்தக் கணக்கெடுப்பைவிட அதே வருஷம் பெப்ரவரி 9தான் மறக்காது. ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆட்கள். பதினொன்றரை மணிபோல, ஒருவருக்கு மெஷினால் தலையின் ஒரு பக்கம் ஏற்றி முடிந்தது, நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. அவருக்குப் பின்னேரம் பொம்பிளை பார்க்கும் வைபவம்! கத்தரிக்கோலால் சமாளிக்கிறேன், அதற்குள் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதாகச் செய்தி. கதிரையில் இருந்தவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "2023இல் ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப்போகிறோம் என்றபோதே அனுப்பியிருந்தால் என் தலை தப்பியிருக்கும்" என்றார். முழுக் கடையும் சிரித்தது. ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருளுமென்றால் பிழை குரங்கிலா, அமைப்பிலா? அதைக் கடையில் கேட்டவர் யாருமில்லை. அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வேறு.

லிங்கநகர் வாசி
தம்பி, அந்த அமைப்பைப் பல வருஷமாகக் கவனிக்காமல் விட்டது யார்? இந்த அரசாங்கம் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை அப்போது.

சலூன் தம்பி
நான் கட்சி கதைக்கவில்லை அண்ணா. தலைமுடி கதைக்கிறேன்.

ஓய்வுபெற்ற மாஸ்டர்
எல்லோரும் கதை சொல்கிறீர்கள், வழி சொல்கிறீர்களில்லை. கன்னியா வெந்நீரூற்றில் என் மூக்குக்கண்ணாடியை ஒரு குரங்கு பறித்தது, வாழைப்பழம் கொடுத்து வாங்கினேன், அவ்வளவுதான். இனிக் கவனியுங்கள். தண்ணீர்த் தாங்கி மூடிக்குக் கல் வைக்காதீர்கள், தூக்கி எறியும், கம்பி போட்டுக் கட்டுங்கள். கூரையோடு முட்டும் மாங்கிளையை வெட்டுங்கள். சமையலறை ஜன்னலுக்கு வலை அடியுங்கள். வெடி கொளுத்தாதீர்கள், ஒரு கிழமையில் பழகிவிடும், பக்கத்து வீட்டுக் குழந்தைதான் அழும். மிச்சச் சோற்றை மதிலில் வைக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள், புண்ணியம் என்று வைப்பீர்கள், பிறகு ஓடு உடைகிறது என்பீர்கள். தென்னைக்குத் தகரம் சுற்றுங்கள், ஆனால் தனியாக நிற்கும் மரத்துக்கு மட்டும், இல்லாவிட்டால் அடுத்த மரத்திலிருந்து பாயும். தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோதாவது யோசித்திருக்க வேண்டும். புலிப் பொம்மை வைப்பது வீண்.

தம்பலகாமம் வயற்காரன்
மாஸ்டர், யானைக்கு எந்தக் கம்பி?

கோட்டையடி அக்கா
மானுக்கும் ஒன்றும் சொல்லவில்லையே. நாங்கள் கொடியை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டோம். இனிக் குரங்குதான் சேலை எடுக்கும்.