வானவில் பேரணிக்கான துண்டறிக்கை: முதல் பத்தியிலேயே நிற்கிறோம்

ஜூன் கடைசியில் சென்னையில் தன்பாலீர்ப்பினரும் திருநர்களும் சேர்ந்து நடத்தும் வானவில் பேரணியில் எங்கள் நண்பர் குழுவும் கலந்துகொள்கிறது. வழியில் நிற்பவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை வேண்டும். இந்த வாரமே அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பேரணி எதற்கு என்பதிலேயே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

பாதிப்பேருக்கு இது கொண்டாட்டம். தான் யாரென்று வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகள் ஒரு நாளாவது ஜிகினாப் புடவையும் கன்னத்தில் வண்ணமுமாகப் பயமில்லாமல் நடக்கட்டும், கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்கிறார்கள். மற்றவர்களுக்கு இது போராட்டம். 2018இல் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377 பிரிவின் பிடி தளர்ந்தது, சரி. 2023 அக்டோபரில் தன்பால் இணையர்களின் திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லையே, கம்பெனிப் பதாகைகளுக்கு நடுவே ஆடிவிட்டுக் கலையவா 1969இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பினர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸை எதிர்த்து நின்றார்கள் என்று கேட்கிறார்கள். என் சாய்வும் இந்தப் பக்கம்தான். ஆனால் கொண்டாட்டம் கேட்பவர்கள் வயதில் சின்னவர்கள். அவர்களை விட்டுவிட மனமில்லை.

வாக்கெடுப்பு வைத்தோம், சமமாக முடிந்தது. முன்பக்கம் கொண்டாட்டம், பின்பக்கம் கோரிக்கை என்று எழுதிப் பார்த்தோம். பின்பக்கத்தை யார் திருப்பிப் படிப்பார்கள் என்று அடுத்த சண்டை. அப்புறம் இந்தியாவின் முதல் வானவில் பேரணியான 1999 கொல்கத்தா பேரணியின் வரலாற்றை வாசித்தோம். இரு தரப்புமே அதைத் தங்கள் பக்கச் சான்றாக எடுத்துக்கொண்டது.

இப்படியொரு பேரணிக்குத் துண்டறிக்கை எழுதியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: இரு தரப்பும் கையெழுத்துப் போடும்படி முதல் பத்தியில் எதை வைத்தீர்கள்?